கிப்லா கேட்காத ஆள்

மாடிப்படியில் எதுவோ இடிந்து விழுந்த சத்தம். அடுத்த நொடி ஒரு தகரப் பெட்டி, அதன் பின்னால் ஒரு செம்பு அண்டா, அதற்கும் பின்னால் தியாகராசா என்று வரிசையாக உருண்டு வந்து கீழ்க்கூடத்தில் சேர்ந்தன. அண்டா மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுப் படுத்தது.

"பெட்டிக்குக் காயமில்லை, நானா," என்றார் தியாகராசா தரையில் கிடந்தபடியே. "என்னைப் பற்றி ஆரும் விசாரிக்கப் போறதில்லை எண்டு தெரியும்."

துப்பறியும் நெய்னா முகம்மது விசாரிக்கவில்லை. அவர் தெருவாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு வீட்டுக்காரர் ஒலி முகம்மது எதிர்க் கோப்பிக் கடையிலிருந்து ஓடி வந்திருந்தார். வந்த வேகத்தில் உள்ளே பாய்ந்துவிடுவார் போலிருந்தது. ஆனால் செருப்பு முனை வாசற்படியைத் தொட்டதும் நின்றுவிட்டார். சுவர் பெயர்ந்ததா, படி உடைந்ததா என்று அங்கிருந்தே கழுத்தை நீட்டிக் கேட்டார். உள்ளே வந்து பார்த்துக்கொள்ளும்படி நெய்னா அழைத்தார்.

"வேணாம் தரகரே. புருஷனைப் பறிகொடுத்த பொண்ணு இத்தா இருந்த வீடு. விலைக்கு வாங்கின நாள்லேர்ந்து இந்த வாசப்படிய நான் தாண்டினதில்ல. அதுக்கு முன்னாடியும் இந்தப் பக்கம் வந்ததில்ல. சாமான் போகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்."

சொல்லிவிட்டு மழைத் தூற்றலில் தலைத் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பவும் கோப்பிக் கடைக்குப் போனார்.

பினாங்கிலிருந்து வந்த வீட்டுத் தரகர் என்று நெய்னா அந்தச் சந்தில் சொல்லி வைத்திருந்தார். உண்மையில் அவர் வாழ்நாளில் ஒரு கோழிக்கூட்டைக்கூட யாருக்கும் வாடகைக்குப் பிடித்துக் கொடுத்ததில்லை. தியாகராசா தரகரின் குமாஸ்தா. சர்க்கார் ஆபீஸில் வெள்ளைக்காரத் துரையின் நடையை அவர் முதுகுக்குப் பின்னால் நடித்துக் காட்டி வேலையை இழந்த யாழ்ப்பாணத்துக்காரருக்கு இந்த வேடம் பொருந்தியிருந்தது.

இருவரையும் அழைத்தவள் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஜைனப்.

கம்போங் காப்பூரின் இந்த வீட்டு முற்றத்தில்தான் சில மாதங்களுக்கு முன் அவள் கணவர், கல் வியாபாரி நூர்தீன், தலை உடைந்து இறந்து கிடந்தார். மாடி உள்ளறையின் பின்கதவைத் திறந்தால் நேர் கீழே முற்றம். கால் தவறி விழுந்தார் என்று போலீஸ் எழுதி முடித்தது. தானே குதித்தார் என்று ஊர் பேசியது. மாணிக்கமும் நீலமும் விற்றவர் வீட்டில் ஒரு கல்கூட அகப்படவில்லை. வியாபாரம் நொடித்துவிட்டது, அவமானம் தாங்காமல் உயிரை விட்டார் என்று சிராங்கூன் ரோட்டுக் கடைகள் எல்லாம் சொல்லிவிட்டன. தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர் என்ற பெயர் அந்தச் சமூகத்தில் லேசானதல்ல. அவருடைய பிள்ளைகளுக்குப் பெண் கேட்கும்போதும் அது கூடவே வந்து உட்காரும்.

ஜைனப் நம்பவில்லை. அன்று பிற்பகல் அவள் கம்போங் கிளாமில் ஒரு வீட்டுக்கு மௌலூது ஓதப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது கணவர் முற்றத்தில். மாடி உள்ளறையில் இரண்டு தொழுகைப் பாய்கள் பக்கத்தில் பக்கத்தில் விரித்தபடி கிடந்தன. ஒரு மனிதருக்கு இரண்டு பாய் எதற்கு? யாரோ வந்திருக்கிறான், அவர் பக்கத்தில் நின்று தொழுதிருக்கிறான், பிறகு தள்ளியிருக்கிறான். போலீஸிடம் சொன்னாள். பாயெல்லாம் சாட்சியாகாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கணவனை இழந்தவள் வெளியே போகாமல் துக்கம் காக்கும் இத்தாக் காலம் முடிந்ததும் காலி செய்ய வேண்டும் என்று புது வீட்டுக்காரர் ஒலி முகம்மது சொல்லி அனுப்பினார். நாளை நாகப்பட்டினம் கப்பல். வாசலில் மாட்டு வண்டி நின்றது. சாமான் ஏறி முடிந்தால் அந்த அறையும் அவள் கையை விட்டுப் போய்விடும்.

முதல் நாள் திரைக்குப் பின்னாலிருந்து அவள் கேட்டது ஒன்றுதான்.

"தூக்குல போடுறது சர்க்கார் வேலை, காக்கா. எனக்கு அவன் வாயைத் திறக்கணும். என் புருஷன் குதிக்கலன்னு அவன் வாயாலயே வரணும். அது ஜமாஅத்துக் காதுல விழணும். அவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு நான் பார்த்துக்கிட்டே இருக்கணும்."

அழுகை இல்லாத குரல். நெய்னாவுக்கு அது பிடித்திருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

கற்கள் எங்கே என்பதையும் அவள் சொன்னாள். அன்று காலையிலேயே நூர்தீன் அத்தனையையும் தம்பியிடம் கொடுத்துக் கப்பலேற்றிவிட்டார். அவை பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்துவிட்டன. அதை வெளியே சொல்லியிருந்தால் வியாபாரம் நொடித்தது என்ற பேச்சு அன்றே அடங்கியிருக்கும். அவள் சொல்லவில்லை. கல் இந்த வீட்டில்தான் இருக்கிறது என்று கொன்றவன் நம்பிக்கொண்டே இருக்க வேண்டும், அந்த ஆசை அவனைத் திரும்பவும் இங்கே இழுத்து வர வேண்டும் என்பதற்காக, கணவர் பெயர் கெடுவதைக் கேட்டுக்கொண்டு இத்தா முழுக்க வாய்மூடி இருந்தாள்.

ஆசைக்கு வழி திறந்துவிட வேண்டியது நெய்னாவின் வேலை. குடியிருப்பவர் மூட்டை கட்டும்போதே அடுத்தவர் வந்து வீடு பார்ப்பது வழக்கம்தான். அப்படி வருகிறவர் எந்த அறைக்குள் நுழைந்தாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பார்க்க இரண்டு பேரை அழைத்து வருவதாகத் தரகர் சொன்னபோது, இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்று ஒலி முகம்மது இழுத்தார். பிறகு சரி என்றார்.

அந்த இருவரும் நூர்தீனோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர்கள். துணிக்கடை ரவூப் ஒருவர். மற்றவர் யாக்கூப் மரைக்காயர். ஒரு நீலக்கல்லுக்காக நூர்தீனோடு பள்ளிவாசல் வாசலிலேயே வாய்ச்சண்டை போட்டவர். ஜைனபின் சந்தேகம் முழுக்க அவர் மேல்தான்.

இருவரையும் அசர் தொழுகை நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தார் நெய்னா. மழைக்காலப் பிற்பகல், பள்ளிவாசலுக்கு நனைந்துகொண்டு ஓடுவதைவிட மாடியிலேயே தொழுதுவிடலாம் என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஏற்பாட்டின் சூட்சுமத்தைத் தியாகராசாவுக்கு அவர் அன்றுதான் விளக்கினார். சந்தே கோணலாகப் போகிறது. படி இரண்டு இடத்தில் வளைந்து ஏறுகிறது. உள்ளறையில் ஜன்னல் இல்லை, வானத்தில் வெயிலும் இல்லை. அங்கே நிற்பவனுக்குக் கிழக்கு எது, மேற்கு எது, தொழ மக்காவை நோக்கித் திரும்ப வேண்டிய கிப்லா எது என்று பிடிபடாது.

"முதல் தடவையா வர்றவன் கிப்லா எந்தப் பக்கம்னு கேட்டுத்தான் தீரணும். கேக்காம பாயை விரிக்கிறவன் இங்க ஏற்கெனவே தொழுதவன்."

"இவ்வளவுதானோ?" என்றார் தியாகராசா. "நானும் பூதக்கண்ணாடி ஒண்டு வேண்டித் தருவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

உள்ளறையை அடுத்த சிறு அறைக்கு மூங்கில் தட்டி தொங்கியது. அதற்குப் பின்னால் ஜைனபும் அவள் நாத்தனார் உம்மு சல்மாவும் உட்கார்ந்தார்கள். மூட்டை கட்டுகிற சாக்கில் தியாகராசா படியருகே வைக்கோலும் கயிறுமாக இடம் பிடித்துக்கொண்டார்.

பாங்கு ஓய்ந்ததும் ரவூப் வந்தார். அடுப்படியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், எலி உண்டா என்று கேட்டார். எலிகள் நேற்றே காலி செய்துவிட்டன, சாமான் குறைவு என்று தியாகராசா பதில் சொன்னார். மாடி உள்ளறையில் பாயைக் கையில் வாங்கிய ரவூப் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"கிப்லா எந்தப் பக்கம், தரகரே?"

நெய்னா கையைக் காட்டினார். ரவூப் தொழுதார், கீழே வந்தார், சொன்ன வாடகைக்குச் சம்மதம் என்றார். வாசற்படிக்கு வெளியே நின்றிருந்த ஒலி முகம்மது தாடியைத் தடவினார். துணி மூட்டை வந்தால் கரையான் வரும், அதனால் முடியாது என்றார். ரவூப் முணுமுணுத்துக்கொண்டே கோப்பிக் கடைக்குள் ஒதுங்கினார்.

அடுத்து யாக்கூப் மரைக்காயர். பருத்த உடம்பு, முன்கோபி. படியேறும்போதே, இவ்வளவு குறுகல் படியைக் கட்டியவனைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று திட்டினார். உள்ளறைக்கு வந்தார். நெய்னா நீட்டிய பாயை வாங்கினார். யாரையும் எதையும் கேட்கவில்லை. சுவரில் விளக்கு வைக்கும் மாடம் இருந்த பக்கமாகப் பாயை ஒரே வீச்சில் விரித்து, கைகளை உயர்த்தித் தொழுகையில் நின்றுவிட்டார்.

தட்டிக்குப் பின்னால் ஏதோ உலோகம் தரையில் உரசியது. நெய்னா சத்தமில்லாமல் அந்தப் பக்கம் போய்க் கையை உள்ளே நீட்டினார். ஜைனப் தயங்கி, பிறகு தன் கையிலிருந்த பாக்குவெட்டியைக் கொடுத்தாள். அது விரிந்திருந்தது.

தியாகராசா கயிற்றைச் சுருக்குப் போட்டுத் தயாராக நின்றார். மரைக்காயர் தொழுது முடித்து எழுந்ததும் தியாகராசா ஒரு காலடி முன்னே வைத்தார். நெய்னா அவர் தோளைப் பிடித்து நிறுத்தி, கிப்லா எப்படித் தெரிந்தது என்று மரைக்காயரிடமே கேட்டார்.

மரைக்காயருக்குக் கோபம் வந்துவிட்டது. தெரியாமல் என்ன, நூர்தீன் இறந்த மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்கு இதே அறைக்கு வந்தவர் அவர். சண்டை உயிரோடிருந்த மனிதனோடு, மௌத்தோடு இல்லை என்றார். அன்று ஓத வந்த லெப்பை திசைகாட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு, பாய் தப்பான பக்கம் கிடக்கிறது என்று சத்தம் போட்டாராம். மூலைத் தூணைப் பார்த்துக் கிடந்த பாய்களை மாடத்துப் பக்கம் திருப்பிப் போட்டதே மரைக்காயர்தானாம்.

தட்டிக்குப் பின்னாலிருந்து ஜைனப் மெல்லச் சொன்னாள். அது உண்மை. குடிவந்த புதிதில் மழை நாளில் குத்துமதிப்பாகத் தூணைப் பார்த்துப் பாய் போட்டவர் அவள் கணவர். பிறகும் மாற்றவில்லை. லெப்பை வந்து திருத்திய நாளிலிருந்து எல்லோருக்கும் மாடத்துப் பக்கம்தான்.

"அப்ப, அவர் உயிரோட இருக்கும்போது இந்த அறையில வேற யார் தொழுதிருக்காங்க?" என்று நெய்னா கேட்டார்.

"நானும் அவரும்தான், காக்கா. வேற யாரும் வந்ததில்ல. அன்னைக்கு வந்தவனைத் தவிர."

நெய்னா சற்று நேரம் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார். கேட்காதவனைத் தேடியது பாதித் தவறு என்று அவருக்கு விளங்கிவிட்டது. சரியான பக்கம் திரும்புகிறவன் துக்கம் கேட்க வந்தவனாக இருக்கலாம். கேட்காமலே தவறான பக்கம், அதுவும் இந்த வீட்டின் பழைய தவறான பக்கம் திரும்புகிறவன் ஒருவன்தான் இருக்க முடியும்.

"நல்லது," என்றார் தியாகராசா சுருக்கை அவிழ்த்துக்கொண்டே. "ஆனால் எங்களிட்ட ஆள் முடிஞ்சுபோச்சே, நானா. ரெண்டு பேர்தானே கூப்பிட்டனாங்கள்."

மரைக்காயர் கீழே போய், வீடு பிடித்திருக்கிறது, இன்றே முன்பணம் தருகிறேன் என்றார். அவரிடம் ஒலி முகம்மது வேறு காரணம் சொன்னார்: வீட்டை ஒருவருக்குப் பேசி முடித்தாகிவிட்டது. யாருக்கு என்று கேட்டதும் பேச்சை மழைக்கு மாற்றினார்; மரைக்காயரும் கோப்பிக் கடைக்குப் போனார்.

மாடியிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த நெய்னா தியாகராசாவின் காதோரம் குனிந்தார்.

"கேட்ட வாடகைக்கு ரெண்டு பேர் சரின்னாங்க. ரெண்டு பேரையும் விரட்டிட்டார். வீட்டை வாடகைக்கு விட வந்தவர் செய்ற வேலையா இது? இவருக்கு வேண்டியது காலி வீடு."

தியாகராசாவின் வாய் முதல் முறையாக வேடிக்கை எதுவும் சொல்லாமல் திறந்தபடி நின்றது. நெய்னா அவரிடம் ஒரு வேலை சொன்னார். மரைக்காயரையும் ரவூபையும் கோப்பிக் கடையிலிருந்து பின்கட்டு வழியாக அழைத்து வந்து, படியின் வளைவில் சத்தமில்லாமல் உட்கார வைக்க வேண்டும். இருவரும் ஜமாஅத்தில் பெயருள்ளவர்கள்.

பிறகு நெய்னா கீழே இறங்கி வீட்டுக்காரரிடம் போனார். பெண்கள் இருவரும் பக்கத்து வீட்டுக்கு விடைபெறப் போயிருக்கிறார்கள், மாடி சுத்தமாகக் காலி என்றார். மற்ற இருவரும் தொழுதுவிட்டார்கள், உங்களுக்குத்தான் அசர் தவறிக்கொண்டிருக்கிறது, மழையோ விடுகிற மாதிரி இல்லை, மேலே போய் வாருங்கள், வாசலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஒலி முகம்மதின் பார்வை மாடியை ஒரு முறை தொட்டு இறங்கியது. பக்கத்து வீட்டிலிருந்து அவர்கள் எப்போது வருவார்கள் என்று மட்டும் கேட்டார். நேரமாகும் என்றார் நெய்னா.

வாசல் ஜாடித் தண்ணீரில் கை, முகம், கால் கழுவி ஒளுச் செய்துகொண்டு ஒலி முகம்மது அன்று முதல் முறையாக வாசற்படியைத் தாண்டினார்.

நெய்னா வெறுங்காலோடு பின்னாலேயே ஏறி, கதவிடுக்கில் நின்றார். உள்ளே போன மனிதர் முதலில் தொழவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தார். தரைப்பலகை ஒன்றைக் கால் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு நேரமாவது நினைவுக்கு வந்தவர் போல மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்தார். திரும்பிப் பார்க்கவில்லை, யோசிக்கவில்லை.

பாய் தூணைப் பார்த்து விரிந்தது.

தொழுகிறவரைக் கலைக்க நெய்னாவுக்கு மனம் வரவில்லை. நான்கு ரகாஅத்தும் முடியும்வரை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். முற்றத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. தட்டிக்குப் பின்னால் ஜைனப் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸலாம் கொடுத்துத் தலையைத் திருப்பியபோது ஒலி முகம்மது நெய்னாவைக் கண்டார். அது கிப்லா இல்லை என்று நெய்னா சொன்னார். மழைநாளில் திசை தப்புவது யாருக்கும் நடப்பதுதான் என்று அவர் பதில் சொன்னார். திசை தெரியாதவன் கேட்பான், ரவூப் கேட்டார் என்றார் நெய்னா. பிறகு வந்தவன் மாடத்துப் பக்கம் திரும்புவான், மரைக்காயர் திரும்பினார். தூணைப் பார்த்துத் தொழுதவர் நூர்தீன், அவர் பக்கத்துப் பாயில் நின்றவன் இன்னொருவன் என்று நெய்னா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இந்த வீட்டு வாசலையே தாண்டாதவருக்கு அந்தத் தூண் எப்படித் தெரியும் என்று கேட்டார்.

ஒலி முகம்மது நிதானமாகப் பாயைச் சுருட்டினார். சுருட்டி முடித்ததும் சிரித்தார்.

"நீ தரகன் இல்லன்னு இப்பத்தான் தெரியுது. போ, மாத்தா போலீஸைக் கூப்பிடு. பாய் போட்ட பக்கத்தைப் பார்த்து எந்த ஜட்ஜு தீர்ப்புச் சொல்றார்னு நானும் பார்க்கிறேன்."

அவர் சொன்னது சரி. நெய்னாவுக்கே அது தெரியும். போலீஸ் முன்பு இரண்டு பாயை ஒதுக்கியது. இப்போது ஒரு பாயை ஒதுக்கும். படி வளைவில் தியாகராசா பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. ஒலி முகம்மது பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவை நோக்கி நடந்தார்.

"அவரை விடுங்க, காக்கா."

தட்டிக்குப் பின்னாலிருந்து வந்த குரலில் கோபமே இல்லை. வண்டிக்காரனிடம் மூட்டையை ஏற்றச் சொல்லும் குரல் அது. ஒலி முகம்மது நின்றார்.

"வீடு அவரோடது, அவரே வச்சுக்கட்டும். நான் நாளைக்குக் கப்பல் ஏறிடுவேன். ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். கல்லைத் தேடி இந்த வீட்டைப் பேர்த்துக் கஷ்டப்பட வேணாம். கல்லு வீட்டுல இல்ல."

அவர் தட்டியின் பக்கம் மெல்லத் திரும்பினார். கக்கத்துப் பாய் நழுவியதை அவர் கவனிக்கவில்லை.

"அவ்வளவும் அவர் இடுப்பு வார்லதான் இருந்துச்சு. முற்றத்துல கிடந்தப்பவும் வாரு இடுப்புலயேதான் இருந்துச்சு. மையித்தைக் குளிப்பாட்டினவங்க எடுத்து என் கையில கொடுத்தாங்க. அவரைத் தள்ளினவன் அவசரத்துல அப்படியே ஓடியிருக்கான். காலடியில கிடந்ததைக் குனிஞ்சு பார்க்கத் தெரியாத மடையன்."

கைக்கு வந்ததை விட்டுவிட்டு, கையிலிருந்ததை எல்லாம் போட்டு ஒரு பாழ்வீட்டை வாங்கினாய் என்று அந்தப் பெண் சொல்லாமல் சொன்னாள். ஒலி முகம்மதின் முகத்தில் ரத்தம் ஏறியது. படி வளைவில் மரைக்காயர் எழுந்து நின்றதும், அவர் பின்னால் ரவூப் எழுந்ததும் அவர் கண்ணில் படவில்லை; தட்டியை மட்டும் வெறித்துக்கொண்டிருந்தார்.

"பொய் சொல்ற. அந்த வாரை அவுத்துத் தேடிட்டு மறுபடி அவன் இடுப்புல கட்டிவிட்டதே நான்தான்."